பத்துக்கு நாலு

என் மகளுக்கு நான் போட்ட மதிப்பெண் பத்துக்கு நாலு. போடும்போது கை தயங்கவில்லை. இருபது வருடத்துக்கு மேலாக விடைத்தாள் திருத்துகிற கை அது; யாருக்கும் முழு மதிப்பெண் போட்டுப் பழகாத கை. அந்த நாலால் அவள் வேலை போகப் பார்த்ததும், ஒரு தொழிற்சாலைக் கட்டடத்தை நான் கோயில் பிராகாரம் போலச் சுற்றி வந்ததும் பிறகு நடந்தவை. முதலில் இருந்து சொல்கிறேன்.

நாங்கள் இருப்பது கும்மிடிப்பூண்டியில். தொழிற்பேட்டையை ஒட்டிய ஒரு பள்ளியில் நான் சமூக அறிவியல் ஆசிரியை. கணவர் காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் கிரேன் ஓட்டுகிறார். ஒரே மகள். மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்து, வண்டிகளுக்கு ரப்பர் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பயிற்சியாளராகச் சேர்ந்தாள். ஒரு வருடம் பயிற்சி. முடிந்தால் பர்மனென்ட், இல்லாவிட்டால் வீடு. பதினோராவது மாதத்தில்தான் இந்தக் கூத்து வந்தது.

அந்தத் தொழிற்சாலையின் தலைமை அலுவலகம் கிழக்கே எங்கோ ஒரு நாட்டில். அங்கே இருக்கும் வயதான முதலாளிக்குக் கன்பூசியஸ் என்ற பழைய சீன ஆசானின் சிந்தனையில் மிகுந்த பற்று. தன்னுடைய எல்லாத் தொழிற்சாலைகளிலும் பிள்ளைகள் பெற்றோரை மதிக்கிறார்களா என்று பார்க்க ஆசைப்பட்டார். வீட்டில் நல்ல பிள்ளையாக இருப்பவரே வேலையிலும் நல்லவராக இருப்பார் என்பது அவர் கணக்கு. ஆசையில் தவறில்லை. ஆசை மனிதவள அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தபோது படிவமாகிவிட்டது.

அந்த மனிதவள அதிகாரி பொதட்டூர்பேட்டைக்காரர். முப்பது வயதுகூட இருக்காது. கழுத்தில் டை, நெற்றியில் விபூதி. ஒருநாள் எனக்குப் போன் செய்தார்.

“டீச்சர், பெற்றோர் தினம் வைக்கிறோம். உங்க பொண்ணு ஃபார்ம்ல ‘தாயார், சமூக அறிவியல் ஆசிரியை’ன்னு இருக்கு. அந்தச் சீனத்து ஆசானைப் பத்தி பத்து நிமிஷம் பேசணும்.”

“எனக்குப் பாடத்துல வர்ற ஒரு பத்திதான் தெரியும், சார்.”

“எங்களுக்கு அதுவும் தெரியாது, டீச்சர்.”

ஒரு வாரம் படித்தேன். படிக்கப் படிக்க அந்த ஆசானை எனக்குப் பிடித்துப்போனது. சாமி, சொர்க்கம் என்று அவர் அதிகம் பேசவில்லை. எதிரில் நிற்கிறவரை மனிதராக நடத்து. அதை வீட்டில் பழகு. பழகியதைத் தெருவுக்கும் ஊருக்கும் அரசுக்கும் எடுத்துப் போ. மேலே இருப்பவன் தண்டனையைக் காட்டி மிரட்டக் கூடாது, தானே ஒழுங்காக நடந்து காட்ட வேண்டும். அப்பா என்று பெயர் இருந்தால் அப்பாவாக நடக்க வேண்டும். பெயரும் பொருளும் பிரிந்துபோனால் ஊர் குழம்பிவிடும். மரியாதைச் சடங்குகள் வேண்டும், ஆனால் உள்ளே மனம் இல்லாவிட்டால் அவை வெறும் கூடு. பெற்றவர்களுக்குச் சோறு போட்டுவிட்டால் கடமை முடிந்ததாகாது, வளர்க்கிற மிருகத்துக்கும்தான் தீனி வைக்கிறோம் என்கிற கருத்து வந்த இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, பழவேற்காடு பக்கம் தம்பி வீட்டில் இருக்கும் என் அம்மாவுக்குப் போன் செய்தேன். சும்மாதான் பேசக் கூப்பிட்டேன் என்றேன். “உடம்பு எதுனா சரியில்லையா உனக்கு?” என்று பயந்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேன்டீன் ஹாலில் முப்பது குடும்பங்கள் இருந்திருக்கும். பத்து நிமிடம் என்றது இருபது நிமிடம் ஆனது. பெயரும் பொருளும் ஒத்துப்போக வேண்டும் என்றதோடு, இரண்டு விஷயங்களை அழுத்திச் சொன்னேன். ஒன்று, பெற்றவர்கள் தப்புச் செய்தால் பிள்ளை அதை மென்மையாகச் சுட்டிக்காட்டலாம், அதுவும் மரியாதைதான். இன்னொன்று, ஆசானின் குதிரை லாயம் தீப்பிடித்தபோது அவர் கேட்ட முதல் கேள்வி மனிதர்களுக்கு ஏதாவது ஆயிற்றா என்பதுதான், குதிரைகளைப் பற்றிக் கேட்கவே இல்லை. இதைச் சொன்னதும் கைதட்டினார்கள். வெளிநாட்டுக்காரரான ஆலைத் தலைவர்கூட, காதோரம் மனிதவள அதிகாரி மொழிபெயர்த்து முடித்த பிறகு, தனியாக ஒருமுறை கைதட்டினார்.

அடுத்து தேநீர்ச் சடங்கு. பிள்ளைகள் மண்டியிட்டுப் பெற்றோருக்குத் தேநீர் கொடுக்க வேண்டும். கேன்டீன் மெஷினிலிருந்து காகிதக் கோப்பையில் பிடித்த டீ. அதில் உடனே வழக்கு வந்தது.

“முட்டி போடறது கர்த்தர் முன்னாடி மட்டும்தான், சார்” என்றார் ஒரு தந்தை.

“எங்கள்லயும் அப்படித்தாங்க. மனுசனுக்கு மனுசன் குனியறது இல்ல” என்றார் பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த பாய்.

மனிதவள அதிகாரி யோசித்து, ‘மாற்று நிலை’ என்று ஒரு வரி சேர்த்தார். சிலர் மண்டியிட்டார்கள், சிலர் நின்றார்கள், ஒரு பையன் இரண்டுக்கும் நடுவில் நாற்காலியில் உட்காருவதுபோல் காற்றில் நின்று கொடுத்தான். என் மகள் மண்டியிட்டாள். “சர்க்கரை இல்லாம புடிச்சேன்மா, உனக்கு சுகர் இருக்குல்ல” என்று என் காதில் மட்டும் சொன்னாள். அதை எழுதப் படிவத்தில் இடம் இல்லை.

படிவம் கடைசியில் வந்தது. கீழ்ப்படிதல், நன்றி, பெற்றோர் நலம் விசாரித்தல், குடும்பப் பெருமை, சிரித்த முகம். ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று போட்டு, கடைசியில் மொத்த மதிப்பு ஒன்று. பேனா முதலில் என் கணவர் கையில் இருந்தது. அவர் எல்லாவற்றுக்கும் பத்து போடக் குனிந்தார். நான் பேனாவைப் பிடுங்கிக்கொண்டேன்.

ஏன் என்று கேட்டால், நான் படித்தவள், கண்திருஷ்டியில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் மகள் ஸ்கூட்டி வாங்கிய அன்று எலுமிச்சையும் மிளகாயும் கட்டியது நான்தான். பக்கத்து நாற்காலியில் ஓர் அம்மா என் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நாலு பேர் முன்னால் சொந்தப் பிள்ளைக்குப் பத்து போடுவது, தெருவில் நின்று என் பொண்ணு மாதிரி உண்டா என்று கத்துவதற்குச் சமம். நாலு போட்டேன். எல்லாவற்றுக்கும் நாலு. பக்கத்து அம்மா அதைப் பார்த்துவிட்டு, தான் பீற்றிக்கொள்வதாக யாரும் நினைத்துவிடக் கூடாதே என்று மூன்று போட்டார். அவருக்கு அடுத்தவர் இரண்டு. இப்படியே வரிசை இறங்கி, கடைசி நாற்காலியில் ஒருவர் பூஜ்யம் போட்டு மேலே பிள்ளையார் சுழியும் போட்டார்.

ஒரே ஒருவர் மட்டும் எல்லாவற்றுக்கும் பத்து போட்டார். ஆரம்பாக்கம் பக்கத்தில் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்து, இப்போது இன்னொரு ஆலையில் லோடு ஏற்றுகிறவர். நாங்கள் எல்லோரும் அவரைக் கொஞ்சம் ஒரு மாதிரியாகப் பார்த்தோம்.

பத்து நாள் கழித்து, ஒரு மாலை, மகள் தரையில் உட்கார்ந்து என் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஒரு பெண் குரல், மிக மெதுவாக.

“மேடம், கம்பெனியோட குடும்ப நல ஆலோசகர் பேசறேன். நீங்க பாதுகாப்பா இருக்கீங்களா?”

“இருக்கேனே, ஏன்?”

“உங்க மகள் இப்ப பக்கத்துல இருக்காங்களா? இருந்தா ‘ஆமா’ன்னு மட்டும் சொல்லுங்க.”

“ஆமா.”

“பயப்படாதீங்க மேடம். அவங்க இப்ப உங்கள ஏதாவது பண்றாங்களா?”

“முட்டியைப் புடிச்சிக்கினு இருக்கா” என்றேன்.

அந்தப் பக்கம் மூச்சு நின்றது கேட்டது.

எங்கள் படிவங்கள் தலைமை அலுவலகத்துக்குப் போயிருந்தன. அவர்களுடைய எல்லா ஆலைகளிலும் பெற்றோரை மிக மோசமாக நடத்தும் பிள்ளைகள் கும்மிடிப்பூண்டியில்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். பெற்றோர் உயிருக்கு ஆபத்து உண்டா என்று கேட்டு மின்னஞ்சல் வந்ததாம். அதோடு ஒரு விதி: மொத்த மதிப்பு ஆறுக்குக் கீழே வாங்கிய பயிற்சியாளர்கள் பர்மனென்ட் ஆக மாட்டார்கள்.

“நா பத்து போட்டுக் குடுத்துட்டுப் போய்க்கினே இருந்திருப்பேன்” என்றார் கணவர். “டீச்சரம்மா பேனாவப் புடுங்கி பேஜார் பண்ணிட்டாங்க.”

“எல்லா அம்மாவும் அப்படித்தான் போட்டாங்க.”

“எல்லா அம்மாவும் பெயிலு. எம் பொண்ணுக்கு வேல போச்சி.”

மகள் என்மேல் ஒரு குறையும் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு, “ம்மா, நீ ஆபீஸ் பக்கம் மட்டும் வந்துடாத. நா பாத்துக்கறேன்” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பத்து மணிக்கு, பள்ளியில் அனுமதி வாங்கிக்கொண்டு, நான் ஆபீசுக்குப் போனேன். வாசலில் காவலாளி தலைக்கு ஒரு ஹெல்மெட்டும் கழுத்துக்கு ஒரு பச்சை அட்டையும் மாட்டிவிட்டார். நெஞ்சில் சிலுவை டாலர் தொங்கும் பெரியவர். “டீச்சரம்மா, சங்கு ஊதினா ஓடக் கூடாது. ரெண்டாம் நம்பர் போர்டுகிட்ட போய் நிக்கணும், சரியா?” என்றார். சரி என்றேன்.

மனிதவள அதிகாரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

“படிவத்தை மாத்தி எழுதிக் குடுக்க வந்தேன், சார். என் பொண்ணு நல்ல பொண்ணு.”

“அது முடியாது, டீச்சர். பெத்தவங்க மனசை மாத்த வைக்கிறதே பிள்ளைங்க பண்ற அழுத்தம்னு விதியில இருக்கு. இன்னும் ரெண்டு மார்க் குறையும்.”

“அவ அழுத்தல. வரவே வேணாம்னு சொன்னா.”

“அப்படியா? அப்ப அவங்க சொன்னதை மீறி வந்திருக்கீங்க.”

“ஆமாம்.”

அவர் படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பிள்ளை சொல்றதைப் பெத்தவங்க கேக்கலன்னா எங்க எழுதறதுன்னு தெரியலையே, டீச்சர்.”

“எங்கயும் எழுத வேணாம். இந்த நாலை எடுத்துட்டு ஒரு எட்டு போடுங்க.”

அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “எங்கம்மா எனக்கு ரெண்டு போட்டாங்க. பொதட்டூர்பேட்டையிலருந்து ரெண்டு பஸ் மாறி வந்து, ரெண்டு போட்டுட்டு, போற வழியில எனக்கு சுத்திப் போட்டுட்டும் போனாங்க. என் பிரமோஷன் நிக்குது. உங்களுக்கு நான் எப்படி எட்டு போடறது?”

அப்போதுதான் சங்கு ஊதியது.

தொழிற்பேட்டைச் சங்கு எனக்குப் புதிதில்லை. தினமும் வகுப்பறையில் கேட்கிறேன். ஆனால் அதற்கு உள்ளேயே நின்று கேட்பது வேறு. மேசை அதிர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே, மகள் வேலை செய்யும் பிரிவின் பின்னாலிருந்து கறுப்புப் புகை எழுந்தது. ரப்பர் எரிகிற நாற்றம். மனிதவள அதிகாரி “ரெண்டாம் நம்பர், ரெண்டாம் நம்பர்” என்று கத்தியது காதில் விழுந்தது. நான் ஓடினேன்.

அவளுடைய பிரிவின் முன்வாசல் மூடியிருந்தது. பின்வாசல் இருக்கும் என்று கட்டடத்தைச் சுற்றி ஓடினேன். ஹெல்மெட் கண் மேல் இறங்கிக்கொண்டே இருந்தது. பின்னால் தண்ணீர்க் குழாயோடு ஆட்கள். அவளைக் கேட்டேன். “இப்பதாம்மா இந்தப் பக்கமா ஓடுச்சி” என்று கை காட்டினார்கள். அந்தப் பக்கமே ஓடினேன். முன்பக்கம் வந்தால் அங்கே இல்லை. “உங்களத் தேடிக்கினு பின்னால போச்சே” என்றார் ஒருவர். மறுபடி சுற்றினேன். என்னை ஆபீஸ் ஜன்னலில் பார்த்திருக்கிறாள். சங்கு ஊதியதும் தன் வரிசையை விட்டு என்னைத் தேட வந்திருக்கிறாள். நான் அவளைத் தேட, அவள் என்னைத் தேட, இருவரும் ஒரே கட்டடத்தை ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். யாராவது ஒருவர் எதிர்த்திசையில் வந்திருந்தால் அரை நிமிடத்தில் சந்தித்திருப்போம். முடியவில்லை. பிறந்ததிலிருந்து கோயில் சுற்றிய கால்கள் எங்கள் இருவருக்கும், வலப்பக்கமாகத்தான் திரும்பின.

இப்போது சிரிப்பு வருகிறது. அன்று மூன்றாவது சுற்றில் மண்ணில் உட்கார்ந்துவிட்டேன். புகைக்குள் அவள் இருக்கிறாள் என்றே முடிவு செய்துவிட்டேன். நாலு, நாலு என்று வாய் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கடைசியாக அவளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்தது அதுதானே.

எங்களைச் சேர்த்து வைத்தவர் அந்தக் காவலாளி. அவர் இடப்பக்கமாக வந்தார். முதலில் அவளோடு மோதிக்கொண்டு, அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்தார். அவள் முகமெல்லாம் வெள்ளைப் பவுடர். என்னைத் தேடக் கிளம்பும் முன் தீயணைப்புக் குப்பி அடித்திருக்கிறாள். என்னைப் பார்த்ததும் நின்றாள்.

“யாரு உன்ன வரச்சொன்னது? இன்னா சொன்னேன் நானு? சொன்னா ஒரு வார்த்த கேக்க மாட்டியா நீ? மாத்திரை போட்டியா, நாஷ்டா சாப்ட்டியா? சுகர வச்சிக்கினு இந்த வெயில்ல ஓடிக்கினு இருக்க. வுழுந்து செத்திருந்தா அப்பாவுக்கு யாரு பதில் சொல்றது, நீ வந்து சொல்வியா?”

எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆலைத் தலைவரும்தான். பிறகு தெரிந்தது: எரிந்தது பின்னாலிருந்த கழிவு ரப்பர்க் குவியல், அதோடு ஒரு புது இயந்திரமும் கருகியிருந்தது. ஆலைத் தலைவர் வந்ததும் எத்தனை பேர், எல்லோரும் இருக்கிறார்களா என்றுதான் கேட்டிருக்கிறார். இரண்டு தலை குறைகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த இரண்டும் கிடைக்கும் வரை இயந்திரத்தின் பக்கம் போகாமல் வெயிலிலேயே நின்றிருக்கிறார்.

இப்போது என் மகளைக் காட்டி, அந்தப் பெண் என்ன சொல்கிறாள் என்று கேட்டார்.

மனிதவள அதிகாரி ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். ஆலைத் தலைவர் தலை தாழ்த்தி எங்கள் இருவருக்கும் வணக்கம் செலுத்தினார்.

“என்ன சார் சொன்னீங்க?” என்று பிறகு கேட்டேன்.

“பெற்றோர் நலம் விசாரிக்கிறார், பெற்றோரின் தவறை மென்மையாகச் சுட்டிக்காட்டுகிறார்னு சொன்னேன். நீங்க பேசினதுதானே, டீச்சர்.”

“அது மென்மையா?”

“அவங்களுக்குத் தமிழ் தெரியாதே.”

அடுத்த வாரம் ஒரே உறையில் இரண்டு கடிதங்கள் வந்தன. அவசர காலத்தில் வரிசையை விட்டு ஓடியதற்கு எச்சரிக்கை ஒன்று. தாயைத் தேடி ஓடியதற்குப் பாராட்டு ஒன்று. இரண்டிலும் ஒரே தேதி, ஒரே கையெழுத்து. ஆனால் பர்மனென்ட் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நாலு நாலாகவே இருந்தது.

அதற்குத் தீர்வு கண்டவரும் அந்தப் பொதட்டூர்பேட்டைக்காரர்தான். எங்கள் ஊரில் பெற்றவர்கள் சபையில் பிள்ளையைப் புகழ மாட்டார்கள், குறைத்துச் சொல்வதே பாசம் என்று நீளமாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கே கூடிப் பேசி ஒரு சூத்திரம் அனுப்பினார்கள்: இந்த ஆலைக்கு மட்டும், பெற்றோர் போட்ட எண்ணைப் பத்திலிருந்து கழித்துக்கொள்ளவும். பத்தில் நாலு போனால் ஆறு. என் மகள் விளிம்பில் தப்பினாள். பிள்ளையார் சுழி போட்ட பூஜ்யத்துக்குச் சொந்தக்காரப் பிள்ளை, அவர்களுடைய எல்லா ஆலைகளிலும் முதலிடம் வந்தான்.

பத்து போட்டாரே ஒருவர், அவர் மகனுக்குப் பூஜ்யம் ஆனது.

செய்தி கேட்டு அவர் கேன்டீன் வாசலில் வந்து நின்றார். இனிப்புக் கொடுக்கப் போயிருந்த நாங்கள் சிலர் அங்கே இருந்தோம். “நா பெத்த புள்ள நல்ல புள்ள. என்னைய நைனா நைனான்னு சுத்தி வர்ற புள்ள. நல்ல புள்ளன்னு எழ்தினேன். இதுல இன்னா தப்பு?” என்றார். யாரிடம் கேட்டார் என்று தெரியவில்லை. எங்கள் எல்லோரையும் பார்த்துத்தான் கேட்டார். மேடையேறிப் பெயரும் பொருளும் ஒத்துப்போக வேண்டும் என்று இருபது நிமிடம் பேசியவள் நான். பேசாமல் அதைச் செய்தவர் அவர் ஒருவர்தான். கையிலிருந்த மைசூர்பாகு பிசுபிசுத்தது.

அன்றே ஒரு மனு எழுதினேன். அவர் போட்ட பத்தைக் கழிக்காமல் அப்படியே எடுத்துக்கொள்ளுமாறும், தவறு எங்களுடையது என்றும். எல்லாப் பெற்றோரும் கையெழுத்துப் போட்டோம். பூஜ்யம் போட்டவர் மறுபடி பிள்ளையார் சுழியோடு கையெழுத்திட்டார். அந்தப் பையனும் பர்மனென்ட் ஆனான். மனிதவள அதிகாரியின் பிரமோஷனும் வந்துவிட்டது. பத்தில் இரண்டு போனால் எட்டு.

ஆனாலும் எனக்குச் சரியாகவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது சங்கு ஊதினால் கையிலிருக்கும் சாக்பீஸ் விழுந்துவிடுகிறது. பிள்ளைகளுக்கு இது பழகிவிட்டது. முதல் பெஞ்சுக்காரி எடுத்துக் கொடுத்துவிடுகிறாள். நான் போனை எடுத்து மகளுக்கு ஒரு கேள்விக்குறி மட்டும் அனுப்புகிறேன். ஒருநாள் சாப்பிடும்போது அவளிடம், “பிள்ளைங்க பெத்தவங்களுக்கு மார்க் போடற ஃபார்ம் இருந்தா எனக்கு எவ்ளோ போடுவே?” என்று கேட்டிருந்தேன். வாயில் சோற்றோடு, “நாலு” என்றாள். “கண்ணு பட்டுடும்ல.” அதிலிருந்து என் கேள்விக்குறிக்கு அவள் அனுப்பும் பதிலும் அதுதான். நாலு. வேறு ஒரு சொல் கிடையாது. அதைப் பார்த்துவிட்டு நான் விட்ட வரியிலிருந்து பாடத்தைத் தொடர்வேன்.

இன்று பதினோரு மணிக்குச் சங்கு ஊதியது. கேள்விக்குறி அனுப்பினேன். பதில் வர மூன்று நிமிடம் ஆனது. வந்ததில் மூன்று என்று இருந்தது. காலையில் மாத்திரை போட மறந்துவிட்டுப் பள்ளிக்கு வந்திருக்கிறேன்; எனக்குப் பிறகு கிளம்புகிற அவள், சமையலறை மேடையில் அது அப்படியே கிடப்பதைப் பார்த்திருப்பாள். ஒரு மார்க் குறைத்திருக்கிறாள். குறைக்கட்டும்.